காத்மாண்டு விமானத்தில் இமயமலை பார்க்க: சீட் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்திநாத்துக்கும் பசுபதிநாதருக்கும் கிளம்பும் நம் ஊர்க்காரர்கள் பலர் டெல்லியில் விமானம் மாறித்தான் காத்மாண்டு போகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதி இமயமலை ஜன்னலுக்கு வெளியே கூடவே வரும். சரியான பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

"ஏ சீட்தான் நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போக வர இரண்டுக்கும் 'ஏ' பதிவு செய்வதுதான் பெரிய தவறு. போகும்போது விமானம் கிழக்கே பறக்கிறது, மலை வடக்கே இருக்கிறது. ஆகவே இடது கைப்பக்கம், அதாவது 'ஏ'. திரும்பும்போது மலை வலப்பக்கம் வந்துவிடும். ஏ320, 737 விமானங்களில் அது 'எஃப்'. எழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். மேப்பைத் திறந்து, போகும் திசையைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, மலை எந்தக் கைப்பக்கம் என்று பாருங்கள். காத்மாண்டிலிருந்து நேபாளத்தின் இன்னொரு நகரமான பொக்காராவுக்கு மேற்கே போகிறோம், அதனால் வலப்பக்கம். எந்த ஊருக்கும் இதே கணக்குதான்.

வெயிலை மறந்துவிடுவது அடுத்த தவறு. காத்மாண்டு வழியில் கவலையில்லை. சூரியன் பெரும்பாலும் தெற்கே நிற்பதால் மலை மேல் நேராக வெளிச்சம் விழும், நம் கண்ணும் கூசாது. ஆனால் டெல்லியிலிருந்து வடக்கே, லடாக்கில் இருக்கும் லே நகருக்குப் போகும் காலை விமானத்தில் வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். இடப்பக்கம் உட்கார்ந்தால், மேற்கே இருக்கும் நுன், குன் சிகரங்கள் காலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

சரி, பக்கம் சரியாக அமைந்துவிட்டது. ஆனால் வரிசை? நடு வரிசைகளில் பாதிக் காட்சியை இறக்கை மறைத்துவிடும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் என்றால் எஞ்சினின் சூடான காற்று மலையைக் கலங்கலாகக் காட்டும். முன்வரிசைகளோ கடைசி வரிசைகளோ நல்லது. சில 737 விமானங்களில் இறக்கைக்கு முன்னால் ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் அந்த இடத்தில் மேலே ஏறுவதுதான் காரணம். பொக்காராவுக்குப் போகும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பல்லர் விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எவரெஸ்டை மட்டும் தேடிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது காத்மாண்டுக்கும் கிழக்கே, சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டெல்லி விமானம் அதை நெருங்கும் முன்பே இறங்கிவிடும். இந்த வழியில் பக்கத்தில் தெரிவது 8,167 மீட்டர் தௌலகிரி, அப்புறம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, அதற்கும் கிழக்கே மனஸ்லு. தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே ஆழமாக ஒரு பிளவு தெரிகிறதே, அதுதான் கண்டகி ஆறு வரும் வழி. சாளக்கிராமம் கிடைக்கும் ஆறு அதுதான், முக்திநாத்துக்குப் போகும் பாதையும் அதே பள்ளத்தாக்கில்தான். யாத்திரை போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய முன்னோட்டம் கிடையாது. எவரெஸ்ட்தான் வேண்டும் என்றால் காத்மாண்டிலிருந்து பூட்டானின் பாரோவுக்குப் போகும் விமானத்திலோ, டெல்லியிலிருந்து மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவுக்குப் போகும் விமானத்திலோ இடப்பக்கம் உட்காருங்கள்.

விலை குறைவென்று இரவு விமானம் எடுத்தால் எந்த சீட்டும் உதவாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கால மேகம், அதிர்ஷ்டம் இருந்தால்தான் உண்டு. அக்டோபர், நவம்பர் காலைகள்தான் மிகச் சிறந்தவை. மதியத்துக்கு மேல் மேகம் திரண்டுவிடும்.

வலப்பக்கம்தான் கிடைத்தது என்றால் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்க வேண்டாம். காத்மாண்டில் நெரிசல் இருக்கும்போது விமானம் இறங்காமல் வட்டமடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடங்கள் மலை உங்கள் பக்கம் வரும்.