பாரிசவாதம் வந்தவரை வீட்டில் வைத்தே தொலைவிலிருந்து கவனிக்க

முல்லைத்தீவின் துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ நடக்கமாட்டாத ஒருவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். உங்கள் மருத்துவரோ இயன்மருத்துவரோ (பிசியோதெரபிஸ்ட்) தொலைபேசியில் பார்க்கச் சம்மதித்தால் அது பெரிய ஆறுதல். ஆனால் அவரால் தொட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் அனுப்பும் அளவும் வீடியோவும் பிழைத்தால் அவருடைய முடிவும் பிழைக்கும்.

பிறசரைக் காலையில் குளிசை போட முன்னும் மாலையிலும் பாருங்கள். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் கழியட்டும். சலம் கழித்துவிட்டு, கதிரையில் சாய்ந்து 5 நிமிடம் கதைக்காமல் இருக்க வேண்டும். பட்டியைப் பலமுள்ள கையில் கட்டி, அந்தக் கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வையுங்கள். இயங்காத கையில் தசை இறுகியோ தளர்ந்தோ இருப்பதால் அளவு மாறலாம். ஒரு நிமிட இடைவெளியில் 2 தரம் அளந்து, இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். பலருக்கு இலக்கு 130/80க்குக் கீழே. உங்களவருக்கு எவ்வளவு என்று கேட்டு முதல் பக்கத்தில் குறியுங்கள். அளவு நன்றாக இருக்கிறதென்று குளிசையை நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே குளிசையால்தான்.

நடையை மணல் முற்றத்தில் வீடியோ எடுக்க வேண்டாம், நல்ல காலும் அங்கே இழுபடும். சீமெந்துத் தரையில், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் 30 விநாடி எடுங்கள். பாதம் தெரியாத வீடியோவால் பயனில்லை. ஒருவர் எடுக்க, இன்னொருவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடமென்றால் முதல் நாளே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சாதாரண அழைப்பில் கதையுங்கள்.

தோளையும் காட்டுங்கள். கக்கத்தில் கைகொடுத்தோ கையைப் பிடித்திழுத்தோ எழுப்புவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. தசை தளர்ந்த தோள்மூட்டு அதில் இறங்கிவிடும். பிறகு நோவில் பயிற்சியே செய்யமாட்டார். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். இருக்கும்போது முழங்கையின் கீழ் தலையணை வையுங்கள்.

தண்ணீர் குடித்ததும் இருமினாலோ குரல் கரகரத்தாலோ வாயால் கொடுப்பதை நிறுத்தி அன்றே அறிவியுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

புதிதாக முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக 4.5 மணித்தியாலந்தான் அவகாசம். அது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணப்படும். அந்த நேரத்தை எழுதி, குளிசைகளோடும் கிளினிக் கொப்பியோடும் அம்புலன்சில் கொடுத்துவிடுங்கள்.