டிராக் பைக்குக்கு வீட்டிலேயே ஒரு கேட்ச் கேன்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள 3.7 கிலோமீட்டர் பந்தய ஓடுதளத்தில் இருபது நிமிடம் விரட்டிவிட்டு வந்த பைக்கின் ஏர் பாக்ஸை, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பெட்டியைத் திறந்தால், ஃபில்டருக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருப்பதைப் பல நேரம் காணலாம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க் கேஸ் எனும் எஞ்சினின் அடிப்பகுதிக்குள் கசியும் வாயு, அங்கிருந்து ஏர் பாக்ஸுக்குப் போகும் பிரீதர் ஹோஸ் வழியாக வெளியேறும்போது எண்ணெய்த் துளிகளையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. சாலையில் இது பொருட்படுத்தத் தக்க அளவில் இருப்பதில்லை. டிராக்கிலோ எஞ்சின் விடாமல் உச்ச வேகத்தில் சுழல்வதாலும், கடும் பிரேக்கில் எண்ணெய் முன்னும் பின்னும் அலைமோதுவதாலும் அளவு கூடிவிடுகிறது. அந்த எண்ணெயை ஏர் பாக்ஸுக்குப் போகும் வழியிலேயே பிடித்து வைக்கும் குப்பிதான் கேட்ச் கேன்.

குப்பியைத் தேடுவதற்கு முன் ஹோஸின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே கன அளவு காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அழுத்துகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் இது நொடிக்கு 160 முறைக்கு மேல் நடக்கிறது. இந்தக் காற்று போய்வரத் தடை இருந்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களின் ஓரத்தில் கசிவு தொடங்கும். ஆகவே ஹோஸ், அதை மாட்டும் சிறு குழாய் முனையான நிப்பிள், குப்பியின் வெளித்துவாரம் ஆகிய எதுவும் கம்பெனி ஹோஸைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. மூச்சு முட்டும் கேட்ச் கேனைப் பொருத்துவதைவிடப் பொருத்தாமலே இருப்பது மேல்.

குளிர்பான பாட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். நான் முதலில் கட்டியது அதைத்தான். ரேடியேட்டர் வெப்பத்தில் அது ஒரு பக்கமாகச் சுருங்கி, கிளாம்ப்பிலிருந்து நழுவித் தொங்கியது. அரை லிட்டருக்குக் குறையாத, வாயகன்ற அலுமினியக் குப்பியோ, எஞ்சின் ஆயில் அடைத்து வரும் கெட்டியான பாலித்தீன் குப்பியோ பொருத்தமானது. உள்ளே இருப்பது வெளியில் மங்கலாகவேனும் தெரிகிறது என்பதால் என் விருப்பம் பின்னதுதான்.

நிப்பிள்கள் இரண்டையும் மூடியிலேயே பொருத்துவது நல்லது. குப்பியின் உடலில் துளையிட்டால் உட்பக்க நட்டை முடுக்கக் கை நுழையாது. எபாக்சி பசையைக் கொண்டு சமாளிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், பாலித்தீனில் அது சில நாட்களில் உரிந்து வந்துவிடும். லேத் பட்டறையில் மரை வெட்டிய அலுமினிய நிப்பிள்களை வாங்கி, மூடியின் இருபுறமும் வாஷரும் வெளிப்புறத்தில் ஓ-ரிங்கும் வைத்து முடுக்குங்கள். உள்வரும் நிப்பிளில் ஒரு சிறு குழாயை மாட்டிக் குப்பியின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே முடியும்படி விடுங்கள். வெளிச்செல்லும் நிப்பிள் மூடியோடு நின்றுவிட வேண்டும். ஆவி கீழே இறங்கித் திரும்பி மேலேறும் அந்தத் திருப்பத்தில்தான் எண்ணெய் பிரிந்து விழுகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைச் சிலர் உள்ளே திணிப்பார்கள். பிரிப்பதற்கு அது உதவும் என்றாலும், அறுந்த ஓர் இழை எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று எண்ணி நான் அதைத் தொடுவதில்லை.

குப்பி நிமிர்ந்து நிற்க வேண்டும். சைலன்சருக்கு அருகிலோ பின் டயருக்கு நேர் முன்னாலோ இருக்கக் கூடாது. இடம் கிடைத்தால் சீட்டுக்கு அடியிலுள்ள ஃபிரேமில், ரப்பர் பட்டை வைத்த இரண்டு கிளாம்ப்களால் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து கிளம்பும் ஹோஸ் முதலில் மேல்நோக்கி ஏறினால், கனமான துளிகள் வழியிலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே எண்ணெய் தேங்கி வழியை அடைக்கும். நைட்ரைல் ரப்பர் ஹோஸையே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் ரேடியேட்டர் ஹோஸ் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

வெளிச்செல்லும் ஹோஸை ஏர் பாக்ஸின் பழைய துவாரத்திலேயே மாட்டிவிடுவது என் வழக்கம். வண்டி சாய்ந்து விழுந்தாலும் குப்பியிலிருப்பது ஓடுதளத்தில் கொட்டுவதற்கான வாய்ப்பு குறைகிறது. பின்னால் வருபவரின் டயருக்கு அடியில் எண்ணெய் என்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. சிறு ஃபில்டர் மாட்டி வெளிக்காற்றில் விடுவதானால், ஏர் பாக்ஸின் துவாரத்தை மறக்காமல் அடைத்துவிடுங்கள், இல்லையேல் அது வடிகட்டாத காற்றை உறிஞ்சும். பாரத் ஸ்டேஜ் 6 எனும் வாகனப் புகை கட்டுப்பாட்டு விதிகள் கிராங்க் கேஸ் ஆவியைக் காற்றில் விட அனுமதிப்பதில்லை என்பதால், சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த வழி ஆகாது. பந்தயத்துக்குச் செல்பவர்கள் குப்பியின் கொள்ளளவு, வெளிவழி ஆகியவற்றுக்கு அந்தப் போட்டியின் விதிகளை முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, வெளித்துவாரத்தில் விரலைக் காட்டிப் பாருங்கள். காற்று துடிப்பது தெரிய வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் மார்க்கரால் குப்பியின் மேல் அளவைக் குறித்துவிட்டு, காலி செய்யுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழப்பாக ஏதாவது கிடந்தால், பெரும்பாலும் அது எஞ்சின் சூடேறுமுன் குளிர்ந்து படிந்த நீராவிதான். ஆனால் ரேடியேட்டரின் கூலன்ட் அளவும் குறைந்திருந்தால், சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். பிடித்த எண்ணெயை எஞ்சினில் திரும்ப ஊற்றாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் குப்பி கால்வாசிக்கு மேல் நிறைந்தால், வண்டியை நிமிர்த்தி நிறுத்தி எஞ்சினில் எண்ணெய் கூடுதலாக ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், அடுத்ததாகக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைச் சோதித்து ரிங்குகளின் தேய்மானத்தை அறிந்துகொள்ள வேண்டும்.