அப்பா, கையை எடுங்க: பசங்களோட மரவேலை பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாச லீவுல பாப்பாவும் (10 வயசு) தம்பியும் (6 வயசு) நானும் சேர்ந்து ஒரு சிட்டுக்குருவிக் கூடு பண்ணலாம்னு உட்கார்ந்தோம். ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்னு நெனச்சது மூணு வாரம் இழுத்துச்சு, முதல்ல பண்ணின கூடு நேரா வெந்நீர் அடுப்புக்குத்தான் போச்சு. அதுல பசங்க பண்ணின தப்புன்னு கணக்கெடுத்தா ரெண்டோ மூணோ வரும், மீதி அத்தனையும் நான் பண்ணினது. யாராவது இந்த லீவுல பசங்களோட பலகையும் சுத்தியலுமா உட்காரப் போறீங்கன்னா இதை ஒரு தடவை படிச்சிட்டு உட்காருங்க.

முதல் தப்பு மரக்கடைக்குப் போறதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு. எனக்கு ரொம்ப நாளா ஒரு புக் ஷெல்ஃப் ஆசை, அதையே பசங்களோட பண்ணிடலாம், ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு கணக்குப் போட்டேன். நாலு தட்டு, ஆளுயரம். அதுல ஆறு வயசுப் பிள்ளை என்ன பண்ணும்? டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அஞ்சு நிமிஷத்துல டிவி பக்கம் போயிடும். நமக்கு வேணுங்கிற சாமானைப் பண்றதுக்கு வீட்டுல ஒரு சித்தாள் கெடைச்ச மாதிரி பிள்ளைங்களை நெனைக்கக் கூடாது. பிள்ளை தன் கையால ஆரம்பிச்சு தன் கையால முடிக்கிற அளவு சாமானா இருக்கணும், அதனாலதான் கடைசியில குருவிக் கூடுக்கு வந்தோம். 6 இன்ச் அகலம், சுமார் 5 அடி நீளம், இப்படி ஒரே ஒரு பலகை இருந்தா முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு சைடு, அடி, கூரை எல்லாம் அதுலயே வந்துடும். எல்லாமே நேர் வெட்டுதான், கூரை சரிவா வேணும்னா சைடுல மட்டும் ஒரு சாய்வு வெட்டு.

மரம் வாங்குறதுல எல்லாரும் பண்ற தப்பு "சும்மாதானே கெடக்கு"ன்னு கையில கெடைச்சதை எடுக்கறது. எங்க வீட்டு மொட்டை மாடியில ஒரு பழைய ஜன்னல் கதவு கெடந்துச்சு, தாத்தா காலத்துல அடிச்ச பச்சை பெயிண்ட், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லி தம்பிகிட்ட கொடுக்கப் போனேன். நல்லவேளை, எங்க தெரு பட்டறை அண்ணன் பார்த்துட்டு "அதை ஏன் சார் பிள்ளை கையில குடுக்கறீங்க"ன்னு பிடுங்கிட்டார். பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் நெறைய இருக்கும். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுங்கிற சட்டமே 2016-ல வந்து 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்டைத் தேய்ச்சா பறக்குற தூள் சின்னப் பிள்ளைங்க மூளை வளர்ச்சியையே பாதிக்கிற சமாச்சாரம். பழைய கதவை அப்படியே விட்டுடுங்க.

பேக்கிங் பலகை, அதான் மெஷின் எல்லாம் வந்து இறங்குற பைன் மர பேலட், அது பிள்ளைங்க கைக்கு நல்ல மரம், மெத்துனு அறுபடும், ஆணி சுலபமா இறங்கும், விலையும் கம்மி. ஆனா பக்கவாட்டுல சூடு போட்ட முத்திரை இருக்கும், அதைப் பாருங்க. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம் போட்டு ஓரமா ரெண்டு ரெண்டு எழுத்தா இங்கிலீஷ்ல இருக்கும். எச், டி (HT)-ன்னு இருந்தா சூடாக்கி பூச்சி கொன்ன மரம் (உள்மரம் வரைக்கும் 56 டிகிரி, 30 நிமிஷம்), தைரியமா எடுக்கலாம். எம், பி (MB)-ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லன்னாலும், எண்ணெய் கறை, கெமிக்கல் வாசனை வந்தாலும் வேண்டாம். எம்டிஎஃப் பலகை (மர நாரைப் பசை போட்டு அழுத்திப் பண்ணினது) அறுக்கச் சுலபம்னு வாங்கிடாதீங்க, அதுல வர்ற தூள் மாவு மாதிரி மூக்குல ஏறும், உள்ள பசை வேற. பச்சை மரம் இன்னொரு தலைவலி, எங்கயோ வெட்டின வேப்பங்கிளையை அறுத்து வாங்கிட்டு வந்து பண்ணினா ரெண்டு மாசத்துல காஞ்சு சுருங்கி வாயைப் பொளந்துக்கும்.

அடுத்தது டூல்ஸ். பொம்மைக் கடையில பெட்டியா விக்கிற குட்டி டூல் செட் வாங்காதீங்க, நான் வாங்கினேன், ரம்பம்னு அதுல இருந்தது வெண்ணெய் கூட வெட்டாது. அறுபடலன்னா பிள்ளை என்ன பண்ணும், இன்னும் பலமா அமுக்கும், அது வழுக்கி கை மேல போகும். மொண்ணை டூல்தான் ஆபத்து, கூரானது இல்ல. 200 கிராம் நிஜ சுத்தியல் ஒண்ணு, சின்னப் பல் ரம்பம் ஒண்ணு, மூலை மட்டம், ரெண்டு சி கிளாம்ப் (பலகையை அசையாம இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி), கையால சுத்துற டிரில் கெடைச்சா அது, இவ்வளவு போதும். அப்புறம் உயரம். நம்ம டைனிங் டேபிள் மேல வெச்சு அறுக்கச் சொன்னா பிள்ளைக்கு அது நெஞ்சு உயரத்துல இருக்கும், கையில பலமே வராது. பிள்ளை நின்னா இடுப்பு உயரத்துக்கு வர்ற எதுவா இருந்தாலும் சரி, நாங்க திண்ணைப் படியில கிளாம்ப் போட்டுப் பண்ணினோம். பலகையை யாரும் கையால பிடிக்கக் கூடாது, கிளாம்ப்தான் பிடிக்கணும். "நீ அறு, அப்பா பிடிச்சுக்கறேன்"னு சொல்றது பாசமா இருக்கும், ஆனா பலகை ஆடும், வெட்டு கோணும், கடைசியில விரல் போகும்.

இப்போ முதல் கூடு ஏன் அடுப்புக்குப் போச்சுங்கிற கதைக்கு வர்றேன். பலகை அகலம் 6 இன்ச், கனம் முக்கால் இன்ச், அதாவது பட்டறைக் கணக்குல 6 நூல் (8 நூல் ஒரு இன்ச்). முன்பலகை 6 இன்ச், அப்போ அடிப்பலகையும் 6 இன்ச்தானேன்னு நான் கோடு போட்டுக் கொடுத்துட்டேன், பாப்பா அரை மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து அறுத்தா. சேர்த்துப் பார்த்தா அடிப்பலகை ரெண்டு சைடுக்கு நடுவுல போகவே மாட்டேங்குது. சைடு பலகையோட கனத்தைக் கழிக்கவே இல்ல நான். 6-ல இந்தப் பக்கம் முக்கால், அந்தப் பக்கம் முக்கால் போனா நாலரை. இன்ஜினியரிங் படிச்ச நான் பலகையைத் தட்டிப் பார்க்கிறேன், இழைக்கப் பார்க்கிறேன், பாப்பா டேப்பை எடுத்து சைடு பலகையோட கனத்தை அளந்துட்டு "இது தடியா இருக்குல்லப்பா"ன்னு கேக்குறா. அப்புறம் அதை எப்படியோ ஒட்டுப் போட்டு நிமிர்த்தப் பார்த்து, நாலு பக்கமும் நாலு தினுசா நின்னு, விட்டுட்டோம்.

அதனால அளவை நீங்க எடுத்துக் கோடு போட்டுக் கொடுக்காதீங்க. அட்டைப்பெட்டியை வெட்டி அதே கனத்துல ரெண்டு மூணு அடுக்கு ஒட்டி முதல்ல ஒரு மாதிரிக் கூடு பண்ணச் சொல்லுங்க, கழிக்க வேண்டிய கணக்கு தானா புரிஞ்சிடும். எல்லாத்தையும் முன்கூட்டியே அளந்து வெட்டி வெச்சுக்கறதும் தப்பு. முதல் நாலு பலகையைச் சேர்த்து நிறுத்திட்டு நடுவுல இருக்கற இடத்தை நேரா அளந்து அடிப்பலகை வெட்டணும். இன்னொண்ணு, ரம்பமும் கொஞ்சம் மரத்தைத் தின்னும், ஒரு மில்லிமீட்டர் போல. கோட்டு மேலயே அறுத்தா பலகை அந்த அளவு குறையும், கோட்டுக்கு வெளிப்பக்கம், கழிவு இருக்கற பக்கம் அறுக்கணும். கழிவுப் பக்கத்துல பென்சிலால பெருக்கல் குறி போட்டு வெச்சா ஆறு வயசுப் பிள்ளைக்கும் குழப்பம் வராது.

ரம்பம் பிடிக்கிற விதத்தைச் சொல்லாம விட்டுடறோம். ஆள்காட்டி விரல் ரம்பம் போற திசையைப் பார்த்து நீட்டிக்கிட்டு இருக்கணும், மீதி மூணு விரல்தான் பிடியில. முதல்ல ரெண்டு மூணு தடவை நம்ம பக்கமா மெதுவா இழுத்து ஒரு தடம் விழ வெச்சுக்கணும், அப்புறம்தான் தள்ளி அறுக்கணும். அமுக்கவே கூடாது, நீளமா இழுத்துத் தள்ளினா ரம்பம் அது பாட்டுக்கு வேலை பார்க்கும். முடியப் போற நேரத்துல தொங்குற துண்டைத் தாங்கிப் பிடிக்கலன்னா ஓரம் பிய்ஞ்சுக்கிட்டு வரும், அந்தத் துண்டைத் தாங்கறது ஒண்ணுதான் நம்ம வேலை.

ஆணி அடிக்கிறப்போ விரல்ல அடி படும்னு பயந்து நிறைய அம்மாக்கள் சுத்தியலையே கொடுக்கறதில்ல. ஒரு துணி கிளிப் போதும், ஆணியைக் கிளிப்ல கவ்வ வெச்சுக்கிட்டு கிளிப்போட வாலைப் பிடிச்சுக்கிட்டா விரல் தள்ளி நிக்கும். பலகை ஓரத்துல அடிச்சா பொளந்துக்கும், எங்களுக்கு ரெண்டு தடவை ஆச்சு. பட்டறை அண்ணன் சொன்ன வழி, ஆணியைத் தலைகீழா கல்லு மேல வெச்சு கூர் முனையை லேசா ஒரு தட்டு தட்டி மொண்ணையாக்கிட்டு அடிக்கறது. கூர் முனை நாரை ரெண்டு பக்கமும் ஒதுக்கிப் பொளக்கும், மொண்ணை முனை நாரை நசுக்கிக்கிட்டே போகும். முன்கூட்டியே சின்னதா டிரில் போட்டுட்டா இன்னும் நல்லது. ஸ்க்ரூ போடறதா இருந்தா மரையில கொஞ்சம் மெழுகு தேய்ச்சு விடுங்க, பிள்ளை கைக்கே இறங்கும்.

என்னோட பெரிய தப்பு இதெல்லாம் இல்ல. ரெண்டாவது கூட்டுல பாப்பா அடிச்ச ஆணி நாலுல ரெண்டு கோணலாப் போயிடுச்சு, ஒண்ணோட முனை சைடுல லேசா எட்டிப் பார்த்துச்சு. எனக்குக் கை அரிக்குது. ராத்திரி பசங்க தூங்கினதும் ஹால் லைட்டைப் போட்டு ரெண்டையும் பிடுங்கி, புதுசா நேரா அடிச்சு, ஓட்டையை மரத்தூளும் கம்மும் குழைச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டு மழமழன்னு ஆக்கி வெச்சேன். காலைல பாப்பா வந்து பார்த்தா, விரலால தடவினா, ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஒரு வாரம் சுத்தியலைத் தொடவே இல்ல, கேட்டா "நீங்களே பண்ணுங்கப்பா, உங்களுக்குத்தான் நல்லா வரும்"னு ஒரு பதில். திட்டியிருந்தா கூட அவ்வளவு வலிச்சிருக்காது அவளுக்கு. முனை வெளிய வந்தா குத்தும்தான், அதை அவகிட்ட காட்டி "இது குருவியைக் குத்தும்ல"ன்னு சொல்லியிருந்தா அவளே பிடுங்கியிருப்பா.

அப்புறம் ஒண்ணு நம்மள அறியாமலே நடக்குது. பையன் கையில சுத்தியல், பொண்ணு கையில பெயிண்ட் பிரஷ். எங்க வீட்டுல மாமியார் "பாப்பாவுக்கு எதுக்கு ரம்பம், கலர் அடிக்கட்டும்"னு ஆரம்பிச்சாங்க, நானும் ஒரு நாள் தலையாட்டிட்டேன். மாமனார் இன்னொரு தினுசு, "என்ன மாப்ள, குலக்கல்வியா நடத்தறீங்க"ன்னு கிண்டல். 1953-ல ராஜாஜி கொண்டு வந்த அந்தத் திட்டம் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னு சொன்னது, அடுத்த வருஷம் காமராஜர் வந்து அதைக் கைவிட்டாங்க, விட்டது நல்லதுதான். தச்சர் பிள்ளை மட்டும் உளி பிடிக்கணும்ங்கிறதுதான் அதுல இருந்த கோளாறு. ஃபின்லாந்துல 1866-லயே கைவேலையை ஸ்கூல்ல கட்டாயப் பாடமா வெச்சாங்க, அங்க அப்பா என்ன தொழில்னு யாரும் கேக்கல. ஆனா அங்கயும் ரொம்ப காலம் பையனுக்கு மரம், பொண்ணுக்குத் தையல்னுதான் பிரிச்சு வெச்சிருந்தாங்க, அதையும் சொல்லிடணும்.

பாதுகாப்பு விஷயத்துல ரெண்டு மூணு மட்டும். கண்ணாடி நீங்களும் போடணும், நீங்க போடலன்னா பிள்ளை போடாது. டிரில் மாதிரி சுத்துற மெஷின் பக்கத்துல கிளவுஸ், துப்பட்டா, அவுத்து விட்ட முடி எதுவும் வேண்டாம், சுத்திக்கும். கிளவுஸ் பாதுகாப்புன்னு நெனச்சு நிறைய பேர் மாட்டி விடறாங்க, இங்க அது எதிரி. கார்பென்டர்ங்க வெச்சிருக்கற கட்டிங் மெஷினை பிள்ளைங்க இருக்கற இடத்துல எடுக்கவே எடுக்காதீங்க. உப்புத்தாள் போடறதை வாசல்ல மாஸ்க்கோட பண்ணுங்க, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே 1995-ல பட்டியல்ல சேர்த்திருக்கு. அது வருஷக்கணக்கா பட்டறையில சுவாசிக்கிறவங்களுக்குத்தான் பெரிய கவலை, இருந்தாலும் மூடின ரூம்ல ஃபேனைப் போட்டுக்கிட்டு தேய்க்க வேண்டாமே. 80 நம்பர் தாள், அப்புறம் 120, மரத்தோட ரேகை போற போக்குலயே. குறுக்க தேய்ச்சா கீறல் விழும். சிலாம்பு ஏறினா அழுகை வரும், ஊசியும் டெட்டாலும் பக்கத்துலயே இருக்கட்டும். நேரம், தம்பிக்கு அரை மணிதான். அவனுக்கு இழைப்புளியில வர்ற சுருளைப் பார்க்கறதுதான் சந்தோஷம், பாதி லீவு அதைக் காதுல மாட்டிக்கிட்டு சுத்தினான், விட்டுட்டேன்.

கூடு பண்றதுல தனியா சில தப்பு. ஓட்டை 32 மில்லிமீட்டர் போதும், பெரிசா போட்டா மத்த பறவைங்க பூந்துக்கும். அதை மட்டும் நான் டிரில் மெஷின்ல போட்டேன். ஓட்டைக்குக் கீழ குருவி உட்காரக் குச்சி வெக்காதீங்க, அழகா இருக்கும், ஆனா குருவிக்கு அது தேவையே இல்ல, காக்காவுக்குத்தான் வசதி. உள்ள பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். அடிப்பலகையில நாலு சின்ன ஓட்டை, தண்ணி வடியறதுக்கு. சாதாரண வெள்ளை கம் மழையில விட்டுடும், வெளிய மாட்டற சாமானுக்கு வாட்டர்ப்ரூஃப்னு போட்டது வாங்கி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி அப்படியே விடணும், பசங்க தொட்டுத் தொட்டுப் பார்க்காம பார்த்துக்கறதுதான் கஷ்டம். வெளிப்பக்கம் ஆளி விதை எண்ணெய் தடவினா அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறம் போடுங்க. மாட்டும்போது மேற்கு வெயில் நேரா படக் கூடாது, நம்ம ஊர் வெயிலுக்கு உள்ள குஞ்சு வெந்துடும்.

மூணாவது கூடு இப்போ போர்டிகோவுல கிழக்கு பார்த்துத் தொங்குது, கூரை இடது பக்கம் ரெண்டு நூல் இறங்கித்தான் இருக்கு. குருவி இன்னும் வரல. அணில் ஒண்ணு வந்து ஓட்டையில மூஞ்சியை வெச்சுப் பார்த்துட்டு ஓரத்தைக் கொஞ்சம் கடிச்சுட்டுப் போச்சு. பாப்பா அடுத்ததா பாட்டிக்கு ஒரு மணை பண்ணப் போறாளாம், பலகை வாங்கிட்டு வந்த உடனே முதல் வேலையா அதோட கனத்தை அளந்து நோட்டுல எழுதிக்கிட்டா, என்கிட்ட காட்டல.