ஈயும் கொசுவும் சொல்வதைத் தப்பாகப் படிக்கிறோம்

ராமேசுவரம் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் எங்கள் பெரியம்மா மீன் நறுக்கிய அரிவாள்மனையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, சுவரோரம் சாய்த்து வைப்பார். பளபளவென்று இருக்கும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதன்மேல் இரண்டு பச்சை ஈ உட்கார்ந்திருக்கும். "நம்ம கண்ணுக்குத்தான் சுத்தம், ஈக்கு இல்ல" என்பார்.

சீனாவில் சொங் ட்சி என்ற நீதி அதிகாரி 1247-இல் எழுதிய நூலில் இதே விஷயம் ஒரு கொலை வழக்காக வருகிறது. ஒருவர் அரிவாளால் வெட்டப்பட்டுக் கிடக்கிறார். ஊரார் எல்லோரையும் அவரவர் அரிவாளைக் கொண்டுவந்து தரையில் வைக்கச் சொல்கிறார் விசாரிக்க வந்தவர். வெயிலில் கிடந்த அத்தனை அரிவாளில் ஒன்றில் மட்டும் ஈ மொய்க்கிறது. அதன் சொந்தக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். பூச்சியைச் சாட்சியாகக் கொண்ட வழக்குகளில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

எங்கள் கரையில் ஈயும் கொசுவும் தெரியாதவர் யாருமில்லை. தெரிந்ததாலேயே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இது எந்தப் பூச்சி, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்வியைக் கேட்காமல் கையை ஓங்குவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன. மரண விசாரணையிலும் அப்படித்தான், காய்ச்சல் காலத்திலும் அப்படித்தான்.

முதலில் கொஞ்சம் கனமான விஷயம். இறந்த உடலில் ஈ இட்ட முட்டை புழுவாகி வளரும்; அந்தப் புழுவின் வயதை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பார்கள். கடலுக்குப் போனவரின் உடல் சில நாள் கழித்துக் கரை ஒதுங்குகிறது. புழு சிறிதாக இருப்பதைப் பார்த்து "நேத்துதான் இறந்திருக்காரு" என்று கூட்டத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அது தப்பு. நீருக்குள் கிடக்கும் உடலில் ஈ முட்டையிட முடியாது. உடல் மேலே மிதந்த பிறகோ, மணலில் ஒதுங்கிய பிறகோதான் ஈயின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு நாள் வயதுள்ள புழு சொல்வது "குறைந்தது ஒரு நாளாக ஈ எட்டும்படி இருந்தது" என்பதை மட்டும்தான். நிலத்திலும் இதே கணக்குதான்: பூட்டிய அறை, சாக்கில் கட்டிய உடல், கொட்டும் மழை, இரவு நேரம் என்றால் ஈ தாமதமாகத்தான் வரும்.

எந்த ஈ என்பதும் முக்கியம். நம் பக்கம் அதிகம் வரும் பச்சை ஈ முட்டையாக இட்டுப் போகும். அது பொரிக்கவே அரை நாளுக்கு மேல் ஆகலாம். வயிற்றில் சதுரங்கக் கட்டம் போட்டது போன்ற சாம்பல் நிற ஈ ஒன்று உண்டு. அது முட்டைக்குப் பதிலாக உயிருள்ள புழுவையே இடும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணக்கு முதல் படியிலேயே சறுக்கும். இன்னொரு பச்சை ஈயின் புழு உடம்பெல்லாம் முள் முள்ளாக இருக்கும். அது மற்ற ஈக்களின் புழுக்களைத் தின்றுவிடும். முதலில் வந்தவை இருந்த தடயமே இல்லாமல் போகலாம்.

அப்புறம் சூடு. புழு வளரும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பாம்பன் வானிலை நிலையத்தின் கணக்கை எடுத்துப் போட்டால் போதாது. உடல் கிடந்தது பனை நிழலிலா, உச்சி வெயில் மணலிலா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே சம்பவ இடத்தில் சில நாள் வெப்பமானி வைத்து, வானிலை நிலையக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். போதாததற்கு, புழுக்கள் கும்பலாகச் சேர்ந்து தின்னும்போது அந்தக் கும்பலின் சூடே வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பிணவறைக் குளிரில் வைத்தாலோ வளர்ச்சி மந்தமாகும். எத்தனை மணிக்கு உள்ளே வைத்தார்கள் என்பதை எழுதாமல் விடுவது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் கணக்கையே மாற்றிவிடும்.

உடம்பில் உள்ள கீறலைப் பார்த்து "அடிச்சிருக்காங்க" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. இறந்த பின் எறும்பு கடித்த இடம் தோல் உரிந்த சிராய்ப்பு போலவே இருக்கும். சில சமயம் அமிலம் பட்டது போலவும் தெரியும். கடலில் கிடந்த உடலில் நண்டும் மீனும் கடித்த காயங்களும் சேரும். ஊரில் இரண்டு குடும்பம் பகையாக இந்த ஒரு சந்தேகம் போதும். மருத்துவர் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

பார்க்கச் சகிக்கவில்லை என்று வாளித் தண்ணீர் ஊற்றுவதையும், பினாயில் தெளிப்பதையும், பிளீச்சிங் பவுடர் தூவுவதையும் மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். மனசு புரிகிறது. ஆனால் சாட்சி கழுவிப் போய்விடுகிறது. வெள்ளைத் துணியால் மூடிவிட்டு விலகி நில்லுங்கள். எதையும் பொறுக்கிப் போட வேண்டாம்.

சேகரிப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகை. கண்ணில் பட்ட நாலு புழுவை அப்படியே பார்மலினில் போட்டு அனுப்புவது அதில் ஒன்று. புழு இறுகிப்போகும், மரபணுச் சோதனைக்கும் உதவாது. பாதியைச் சுடுநீரில் முக்கிக் கொன்று 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் வைக்க வேண்டும். மீதியை உயிரோடு ஈரல் துண்டில் வளர்த்து ஈயாக்கிப் பார்க்க வேண்டும். புழுவாக இருக்கும்போது இனம் பிரிப்பது அவ்வளவு கடினம். பெரும்பாலும் பெரிய புழுதான் மூத்தது, அதை விட்டுவிடக் கூடாது. தின்று முடித்த புழு உடலை விட்டு ஊர்ந்து போய்ச் சில மீட்டர் தள்ளி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். ஈ வெளியேறிய பின் மிஞ்சும் காலிக்கூடு பழுப்பாக, நீள்வட்டமாக, எலிப்புழுக்கை போலவே இருக்கும். புழுக்கை என்று கூட்டித் தள்ளிய பின் இந்தச் சாட்சியை எங்கே தேடுவது?

இந்த ஈயைத்தான் கருவாட்டுக் களத்திலும் பார்க்கிறோம். கருவாட்டில் விழும் கறுப்பு வண்டும் மயிர் அடர்ந்த அதன் புழுவும் காய்ந்துபோன உடல்களிலும் கடைசியாக வந்து சேர்பவை. "மீனிலேயே புழு பிறக்குது" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி 1668-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: மெல்லிய துணியால் மூடிய ஜாடி இறைச்சியில் புழு வரவில்லை, திறந்த ஜாடியில் வந்தது. நமக்கும் அதே பாடம்தான்; மீன் ஈரமாக இருக்கும் முதல் நாள் வலையால் மூடுங்கள், உப்பைக் குறைக்காதீர்கள், மணலில் பரப்பாமல் உயரப் பரண் கட்டிக் காயவையுங்கள். ஈ வராமலிருக்க மீன்மேல் பூச்சிமருந்து தெளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கருவாட்டை ஒரு பிள்ளை தின்னப் போகிறது.

சரி, கொசுவுக்கு வருவோம். "சாக்கடை இல்ல, எங்க வீட்ல கொசு எப்படி?" என்று கேட்காத வீடு இல்லை. சாக்கடையில் வளர்வது யானைக்கால் நோய் பரப்பும் க்யூலெக்ஸ். டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பும் ஏடிஸ், நாம் குடிக்கச் சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. இங்கே குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. அதனால் டிரம், குடம், சிமெண்ட் தொட்டி என்று வரிசையாக நிரப்பி வைக்கிறோம். மழை தொடங்கினால் கரையேற்றிய வள்ளத்தின் அடிப்பாகம், படகு ஓரத்தில் கட்டிய டயர், உடைந்த தெர்மாகோல் பெட்டி எல்லாமே தொட்டில்தான். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்ஸி கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும். ராமேசுவரம் தீவுக்கு மலேரியா பழைய தொல்லை. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் பெற்றது; அந்த ஆண்டு முடிவதற்குள் இதே ஸ்டீபன்ஸி கொசு மன்னாரில் முதன்முறையாகப் பிடிபட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

"உப்புத் தண்ணில கொசு வராது" என்பதும் நம்ப முடியாத பேச்சு. உவர் நீரில் வளரும் அனோபிலிஸ் இனங்கள் உண்டு. யாழ்ப்பாணக் கரையில் ஏடிஸ் புழுவையே உப்பு கலந்த நீரில் கண்டிருக்கிறார்கள்.

புகை அடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் அப்படித்தான். புகை அது படும் இடத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும், தொட்டியில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதிலும் புகை வண்டி வரும்போது நாம் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறோம், பகலில் கடிக்கும் ஏடிஸ் உள்ளே கட்டிலுக்கு அடியில் நிம்மதியாக இருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்பது இன்னொன்று. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். அடுத்து தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏன் வாரம்? முட்டையிலிருந்து கொசுவாக இந்த வெயிலில் ஏழெட்டு நாள் போதும். கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிய தண்ணீரை நாற்றம் என்று மறுநாளே கொட்டுகிறவர்கள் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மருந்து அது.

கருவேலங்காட்டுக்குள் விறகுக்கும் ஆட்டுக்கும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அதைப் பரப்புவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் புழு. சிகரெட்டால் சுட்டது போல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு அக்குளிலோ இடுப்பிலோ இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் நாள் தள்ளிப்போகிறது.

வீட்டில் ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தால், தொட்டித் தண்ணீரை அதில் மெல்ல மொண்டு வெளிச்சத்தில் வையுங்கள். தலை கீழாகத் தொங்கும் புழு ஏடிஸோ க்யூலெக்ஸோ. மேற்பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனோபிலிஸ். படுத்திருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடாமல் கிண்ணத்தை மூடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். எந்தத் தொட்டி, எத்தனை நாள் தண்ணீர் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.