போனஸில் வரி வெட்டும்போது விடும் பிழைகள்

இலங்கையின் வடக்கே வவுனியாவிலிருந்து பரந்தன் வரை, ஏ-9 வீதியை அண்டிய சில சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. மார்கழியும் சித்திரையும் நெருங்கினால் தொலைபேசி ஓயாது. கேள்வி ஒன்றுதான்: "தம்பி, போனஸுக்கு எவ்வளவு வெட்டுறது?"

ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளருக்கு மாதச் சம்பளம் 80,000 ரூபாய். டிசம்பரில் இன்னொரு 80,000 போனஸ். கிளாக்கர் இரண்டையும் கூட்டினார், 160,000 வந்தது. மாத எல்லையான 150,000ஐத் தாண்டிவிட்டதே என்று, மேலதிகமான 10,000க்கு 6 வீதம், அதாவது 600 ரூபாய் வெட்டிவிட்டார். 600 ரூபாய் பெரிய காசில்லைதான். ஆனால் அது வெட்டியிருக்கவே கூடாத காசு. அவருடைய ஆண்டு வருமானம் போனஸோடு சேர்த்தே 1,040,000தான். 18 இலட்சம் வரை வரியில்லை. வன்னியில் சம்பளம் வாங்குகிற பெரும்பாலானோர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறார்கள், ஆகவே இந்தப் பிழையால் இங்கே அடிபடுவது சின்னச் சம்பளக்காரர்தான்.

முற்பணத் தனிநபர் வருமான வரி, வாய்வழக்கில் ஏபிட், மாதாமாதம் வெட்டப்பட்டாலும் அது ஆண்டுக் கணக்கு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு வரும் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம், மிச்சத்துக்கு 36 வீதம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் மாதச் சம்பளத்துக்கு முதலாம் அட்டவணையையும், போனஸ் போன்ற மொத்தக் கொடுப்பனவுகளுக்கு இரண்டாம் அட்டவணையையும் தந்திருக்கிறது. போனஸை முதலாம் அட்டவணையில் தூக்கிப் போடுவதுதான் நான் காணும் பிழைகளில் முதலாவது, மோசமானதும் அதுதான்.

எவ்வளவு மோசம் என்று பாருங்கள். மாதம் 160,000 வாங்குபவருக்கு இரண்டு மாதச் சம்பளம், 320,000, போனஸ். இரண்டாம் அட்டவணை பார்ப்பது ஆண்டுக் கணக்கை: ஆண்டுச் சம்பளம் 1,920,000. அதற்கு வரி 7,200. போனஸையும் சேர்த்தால் 2,240,000. அதற்கு வரி 26,400. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 19,200தான் போனஸுக்கான வரி. இதையே அந்த மாதத்துக் கணக்காக 480,000க்கு முதலாம் அட்டவணையில் பார்த்தால் 78,800 வரும். வழமையான மாத வரி 600ஐயும் சரியான போனஸ் வரி 19,200ஐயும் கழித்தாலும் 59,000 ரூபாய் அநியாயமாகப் போகிறது.

மறுபக்கப் பிழையும் உண்டு. "சம்பளம் 150,000க்குக் கீழே, ஆகவே போனஸுக்கும் வரியில்லை" என்பார்கள். 145,000 வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,740,000. சித்திரைக்கு 50,000 கொடுத்தால் 1,790,000, வரியில்லை. தீபாவளிக்கு இன்னொரு 50,000 கொடுத்தால் 1,840,000 ஆகிறது. 40,000க்கு 6 வீதம், 2,400 ரூபாய் வெட்ட வேண்டும். தீபாவளிக் கணக்குப் போடுபவர் சித்திரையில் கொடுத்ததை மறந்தால் இது தப்பிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டில் கொடுத்த போனஸ்களை ஒரே தாளில் எழுதி வையுங்கள். இடையில் சம்பளம் கூடியிருந்தால் அதையும் பாருங்கள். புதிய சம்பளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 12ஆல் பெருக்கினால் பழைய மாதங்களுக்கும் கூடிய சம்பளம் கொடுத்ததாகிவிடும்.

ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, விஷயத்திலும் தடுமாற்றம். ஊழியரின் 8 வீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி பார்க்கிறார்கள். 160,000இல் 12,800 போனால் 147,200, எல்லைக்குள் வந்துவிட்டது, சந்தோஷம்! அப்படியில்லை. வரி மொத்தச் சம்பளத்துக்குத்தான். வரிக்கணக்கில் அந்த 8 வீதத்துக்குக் கழிவு கிடையாது.

சித்திரை போனஸில் ஒரு சூட்சுமம். "2024/25க்கான போனஸ்" என்று கடிதத்தில் எழுதியிருக்கும், பணம் கைக்கு வருவதோ 2025 ஏப்ரல் 10ஆம் திகதி. அது 2025/26க்குரிய வருமானம். எந்த வருட உழைப்புக்கு என்பது அல்ல, எப்போது கொடுத்தார்கள் என்பதே கணக்கு. அதே பணத்தை மார்ச் 28இல் கொடுத்திருந்தால் பழைய ஆண்டின் கணக்கில் சேர்ந்திருக்கும்; அப்போது 12 இலட்சம் வரைதான் வரியில்லை. பழைய எக்செல் தாள்களும் இந்த இடத்தில்தான் மாட்டிவிடுகின்றன. உங்கள் தாளில் 12 வீதம் என்றொரு படி இன்னும் இருந்தால், அது 2025 மார்ச்சோடு காலாவதியான தாள்.

காசுக்குப் பதில் வவுச்சர் கொடுத்தால் வரியில்லை என்பதும் வெறும் நம்பிக்கைதான். அதன் பெறுமதியும் வருமானமே. "வரியை நானே கட்டுறன், பெடியனுக்கு முழுசாக் குடுங்கோ" என்கிற நல்ல முதலாளிகளும் இருக்கிறார்கள். மனசு நல்லது, ஆனால் அவர் கட்டும் வரியும் ஊழியருக்குக் கிடைத்த நன்மையாகி அதற்கும் வரி வரும். அதற்குத் தனி அட்டவணை உண்டு. ஓய்வுபெறுபவரின் பணிக்கொடைக்கும் வேறு அட்டவணை. அதைப் போனஸோடு கலக்காதீர்கள்.

வெட்டிய வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு முன் பிழையைக் கண்டுபிடித்தால் கூடுதலாக வெட்டியதை ஊழியரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். கட்டிய பிறகென்றால் அலைச்சல்தான்: ஆண்டு முடிந்து, வெட்டிய வரியைக் காட்டி நிறுவனம் தரும் ரி-10 சான்றிதழை வாங்கி, நவம்பர் 30க்குள் வரி விவரத்திரட்டுக் கொடுத்து, ஊழியரே மீளக் கேட்க வேண்டும். 600 ரூபாய்க்காக அந்த மேற்பார்வையாளர் இதையெல்லாம் செய்வாரா? நல்லவேளை, அன்று ஜனவரி 9ஆம் திகதி. கிளாக்கர் லாச்சியைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டார்.