பல் வலி நின்ற பிறகு நடக்கிற தவறுகள்

பல் வலி வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மெடிக்கலைத் தேடி ஓடுகிற நாம், வலி அடங்கியதும் அந்தப் பல்லையே மறந்துவிடுகிறோம். சிகிச்சை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பல்லுக்குள் அழுகிய நரம்பை எடுத்துவிட்டு, அடுத்தடுத்து வரச் சொல்லி நிரந்தரமாக அடைக்கிற ரூட் கெனாலையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பை எடுத்ததுமே பெரும்பாலும் வலி குறைந்துவிடும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி மதுரைக்கு வந்தவருக்கு, அடுத்த வாரம் இன்னொரு நாள் கூலியை விட்டு வர மனசு வராது. நடுவில் ஒரு காதுகுத்து, அப்புறம் சித்திரைத் திருவிழா என்று மாதங்கள் ஓடிவிடும். பல்லை மூடியிருப்பதோ தற்காலிகச் சிமெண்ட். அது தேய்ந்து ஓரம் விட்டால் எச்சிலோடு கிருமியும் வேர்வரை இறங்கும். நரம்பு இல்லாத பல் என்பதால் ஆரம்பத்தில் கூச்சம்கூடத் தெரியாது. ஒருநாள் கன்னம் வீங்கிய பிறகுதான் தெரியும்.

ரூட் கெனால் முடிந்த பல்லின்மேல் மாட்டுகிற உறையான கேப் விஷயமும் இதே கதைதான். ‘காசு பிடுங்கத்தான் கேப் போடச் சொல்றாங்க’ என்று ஒரு பேச்சு உண்டு. கடைவாய்ப் பல்லைப் பொறுத்தவரை அதைக் காதில் வாங்காதீர்கள். சொத்தையைச் சுரண்டி உள்ளே குடைந்ததில் சுவர் மெலிந்திருக்கும். நல்லி எலும்பைக் கடிக்கும்போது வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பல்லில் சேதம் கொஞ்சம்தான் என்றால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம். அங்கே ‘கட்டாயம் வேணுமா டாக்டர்?’ என்று கேட்பது நியாயம்.

பல் பிடுங்கிய அன்று நடக்கிற தவறு வேறு மாதிரி. பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடிக்க வேண்டும். பலர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, துப்பி, மறுபடி வைக்கிறார்கள். குழியில் உறைகிற ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. துப்பினாலோ, கொப்பளித்தாலோ, ஸ்ட்ராவில் உறிஞ்சினாலோ அது பெயர்ந்து எலும்பு திறந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளில் காதுவரை இழுக்கிற வலி வரும். மரப்பு போன பிறகு ஜில்லென்று ஜிகர்தண்டா தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் ஸ்பூனால். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்து. பீடி, சிகரெட் மூன்று நாளாவது வேண்டாம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது வெறும் பயம்.

பல்லைக் கிளீன் பண்ணினால் ஆட்டம் கண்டுவிடும் என்பதும் அப்படித்தான். பல்லிடுக்கில் கல்லாக இறுகிய காரை எடுபட்டதும் சந்து தெரிகிறது. ஈறு ஏற்கெனவே கரைந்திருந்தது. காரை அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

வீங்கிய கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கினால் சதை வெந்துபோகும். போன தடவைச் சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை போட்டுவிட்டு நிறுத்துவதும் வேண்டாம். பல்லுக்குள் இருக்கிற சொத்தை மாத்திரையால் ஆறாது.

இதய நோய்க்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்துவது பல் வலியைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சுகர் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரப்பு ஊசிக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. சுகர்காரர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. ‘பால் பல்லுதானே, விழுந்துரும்ல’ என்று அம்மாக்கள் விட்டுவிடுகிற சொத்தையில் பல, ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்த கடைவாய்ப் பல்லில் இருக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அது நிரந்தரப் பல். போனால் இன்னொன்று முளைக்காது.