தோட்டப்புற ஊரில் கடற்சாமந்தி வளர்ப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பவளத் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் கடற்சாமந்தியை (கடல் அனிமோனை)ப் பற்றிப் பேசத் தொடங்கினால், எந்த விளக்கை வாங்குவது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. விளக்கு தேவைதான். ஆனால் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கூரையின் கீழ், பகலில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அறைக்குள், இந்த உயிரை முதலில் வீழ்த்துவது வெப்பமே. ஆகவே குளிர்ச்சிக்கும் நீருக்கும் முதலில் வழி செய்துவிட்டு, அனிமோனை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குவதே சரியான வரிசை.

கடற்சாமந்தி பவளத்துக்கு உறவான விலங்கு. அதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லா எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவில் ஒரு பகுதியை அதற்குக் கொடுக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்தப் பாசிகளின் ஒளிச்சேர்க்கை குலைந்து, திசுக்களைத் தாக்கும் நச்சு ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகின்றன. விலங்கு பாசிகளை இழந்து வெளுத்துப்போகிறது. 2010ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் சில மாதங்களுக்கு மூடப்பட்டதைப் பலர் அறிவார்கள். கடலின் பெருநீருக்கே அந்த நிலை என்றால், இருநூறு லிட்டர் தொட்டி எத்தனை விரைவாகச் சூடேறும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொட்டி நீரை 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பானது. நீர்ப்பரப்பின் மீது காற்று வீசும் சிறு விசிறி, ஆவியாதல் மூலம் இரண்டு மூன்று டிகிரி வரை குறைக்கும். ஆனால் மழைக்காலத்தில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது அதன் பலன் குறைந்துவிடும் என்பதால், அனிமோன் வளர்க்கும் எண்ணம் உறுதியானால் சில்லர் எனப்படும் நீர் குளிர்விக்கும் கருவியை வாங்கிவிடுவதே என் பரிந்துரை. சில்லர் வெளியேற்றும் சூடான காற்றுக்குப் போக வழி வேண்டும். தொட்டியின் அடியிலுள்ள மூடிய அலமாரிக்குள் அதை வைத்தால், தான் வெளியேற்றிய வெப்பத்தையே அது மீண்டும் இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டித் தொட்டியை வைக்கக் கூடாது. இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை அதைவிட மோசமான இடம். இரவில் குளிர்ந்து பகலில் கொதிக்கும் நீரின் ஏற்ற இறக்கம், சற்றே கூடுதலான ஆனால் மாறாத வெப்பத்தைவிட அதிகத் தீங்கு செய்யும்.

அடுத்தது நீர். உப்புநீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில், அதாவது ஒரு கிலோ நீருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்ற கணக்கில் இருக்க வேண்டும். அதை அளக்க மிதக்கும் பிளாஸ்டிக் கருவியை நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குவது நல்லது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவை ஈடுகட்ட உப்புநீரை அல்ல, நன்னீரையே நாள்தோறும் ஊற்ற வேண்டும். விசிறி ஓடும் தொட்டியில் இந்த இழப்பு இன்னும் அதிகம். குழாய்நீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. வடிகட்டி கடந்த நீரே உகந்தது. மழைநீர் தூய்மையானது என்று நினைத்துக் கூரையிலிருந்து வழியும் நீரைப் பிடித்து ஊற்றுபவர்கள் உண்டு. துத்தநாகப் பூச்சுள்ள தகரத்திலிருந்து கரைந்து வரும் துத்தநாகம் முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சு என்பதால் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டிவிட்டால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். மீனுக்கு அது போதும். அனிமோனுக்கோ குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு ஓடிய தொட்டி வேண்டும். புதுத் தொட்டியில் பி.எச்., காரத்தன்மை, பாசி வளர்ச்சி எல்லாம் வாரத்துக்கு ஒருவிதமாக இருக்கும். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், உடலே மெல்லிய தோலாக இருக்கும் அனிமோன் தாங்காது. வெண்புள்ளி நோய்க்கென்று செப்பு மருந்து ஒருமுறை ஊற்றப்பட்ட தொட்டியானால், செப்பு பாறையிலும் மணலிலும் படிந்திருந்து பின்னர் கசியக்கூடும். அத்தொட்டியை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

பிற்பகல் இடியோடு மழை வரும் நம் ஊர்ப்பக்கத்தில் மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழுந்து வீட்டு மின்சாரம் முழுதும் நின்றுபோவது புதிதல்ல. தீபாவளிக்கு எல்லோரும் வெளியூர் போயிருக்கும் நேரத்தில் அது நடந்தால், தொட்டியில் ஆக்சிஜன் குறைந்து, மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். மின்சாரம் நின்றவுடன் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றைக் கட்டாயம் பொருத்திவைக்க வேண்டும். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிந்தால், சன்னல்களை அடைத்து, தொட்டியை ஈரத்துணியால் மூடி, அறைக்காற்றை நீருக்குள் இழுக்கும் காற்றுப் பம்பையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் புகை அடங்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும். நீரைச் சுழற்றும் பம்பு மட்டும் ஓடலாம். கொசுமருந்துகளிலுள்ள பைரெத்ராய்டு இறாலுக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு.

இவ்வளவும் ஆன பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். கோமாளி மீன்கள் தங்கும் அனிமோன்கள் 10 இனங்கள். அவற்றுள் புதியவர்களுக்கு ஏற்றது குமிழ்முனை அனிமோன் ஒன்றே என்பது என் கருத்து. கம்பள அனிமோனும், கடைகளில் ‘ரிட்டேரி’ என்று விற்கப்படும் பெரிய இனமும் அழகில் மிஞ்சினாலும், புதுத் தொட்டிகளில் பெரும்பாலும் நிலைப்பதில்லை. கடையில் பார்க்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழிபடாமல் கண்ணாடியையோ பாறையையோ பற்றியிருக்கிறதா, உணர்கொம்புகள் தொட்டால் ஒட்டுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். தூய வெண்மை பாசியை இழந்ததன் அடையாளம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சில வேளைகளில் சாயம். வேறொருவர் தொட்டியில் பிரிந்து பிறந்த குட்டி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, ஏனெனில் அது கண்ணாடித் தொட்டிக்குப் பழகியது. பூலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்களிலிருந்து எதையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

நீண்ட காலப் பொறுப்பு இது என்பதையும் வாங்குமுன் எண்ண வேண்டும். 1828இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இயற்கையியலாளர் சர் ஜான் டேலியல் எடுத்துவந்த குளிர்கடல் அனிமோன் ஒன்று, அவர் மறைந்த பிறகும் கைமாறி வளர்க்கப்பட்டு, 1887 வரை உயிரோடு இருந்தது.

ஈப்போவிலிருந்து வீடு வருவதற்குள் பை சூடாகாமலிருக்க அதைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பிறகு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்த்துப் பழக்கி, பம்புகளை நிறுத்திவிட்டு, பாறையிடுக்கின் அருகே மெதுவாக இறக்கிவிட வேண்டும். விளக்கை முதல் சில நாள்களுக்குக் குறைத்து வைத்துப் படிப்படியாகக் கூட்டலாம். அது பிடிக்காத இடத்தைவிட்டு நகரும், நகரட்டும். நாம் தேர்ந்தெடுத்த இடத்தில் அதைத் திரும்பத் திரும்ப வைப்பது வீண் வேலை. ஆனால் அப்படி நகரும்போதுதான் பவர்ஹெட் எனப்படும் நீர் சுழற்றும் பம்பின் இழுவாயில் சிக்கிச் சிதைகிறது என்பதால், எல்லாப் பம்புகளுக்கும் பஞ்சுறையோ வலையோ முன்கூட்டியே மாட்டியிருக்க வேண்டும்.

உணவு எளிது. சந்தையில் வாங்கிய பச்சை இறாலை, மஞ்சளோ உப்போ படாமல் கழுவி உறையவைத்து, பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை உணர்கொம்பில் வைத்தால் போதும். பெரிய துண்டை விழுங்கி மறுநாள் கக்கினால், இழப்பு அதற்குத்தான்.

கோமாளி மீன் இல்லாமலும் அனிமோன் நன்றாகவே வாழும். மீனைச் சேர்ப்பதாயின், அனிமோன் ஓரிடத்தில் ஊன்றிச் சில வாரங்கள் ஆன பின்னர் விடுவது நல்லது. சிறிய அனிமோனை மீன் ஓயாமல் உரசித் திறக்கவிடாமல் செய்துவிடும். நம் கடலிலும் காணப்படும் ஆரஞ்சு நிற ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் இயற்கையில் குமிழ்முனையை நாடுவதில்லை. தொட்டிகளில் பல வேளைகளில் ஏற்றுக்கொள்கிறது, சில வேளைகளில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவ்வப்போது சுருங்கிப் பழுப்புக் கழிவை வெளியேற்றுவது இயல்பு. வாய் பிளந்து நாள்கணக்கில் தொங்குவதும், தொட்டால் ஒட்டாமல் கரைவதும், அழுகல் நாற்றம் வருவதும் இயல்பல்ல. அந்நிலையில் கையுறை அணிந்து உடனே எடுத்துவிட்டு, நீரில் ஒரு பகுதியை மாற்றிக் கரிவடிகட்டி போட வேண்டும். அதற்கு மாறாக, செழித்து இரண்டாகப் பிரிந்து, ஒன்றை நண்பருக்குக் கொடுக்க நேர்ந்தால், பாதத்தைப் பிய்த்து இழுக்கக் கூடாது. அது பற்றியிருக்கும் பாறையோடு சேர்த்தே எடுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது பாறையின் பின்புறம் பனிக்கட்டியை வைத்துத் தானாகப் பிடி தளரும்வரை காத்திருக்க வேண்டும்.